முற்றுகைக்குள் ஒரு கிரயப்பத்திரம்



வேலை நின்றுபோன மாதத்திலும் வாடகை நாள் தவறாமல் வந்துவிடுகிறது. ஊரிலிருந்து பேசும் பெற்றோரிடம் "நன்றாயிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் உறங்காதிருக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களை நோக்கி "விசுவாசியுங்கள்" என்பது எளிது. சகலமும் சரிகிற வேளையில் விசுவாசம் என்ன செய்யும்? எரேமியா 32-ஆம் அதிகாரம் அதைக் காட்டுகிறது.

அது சிதேக்கியா ராஜாவின் 10-ஆம் வருஷம். பாபிலோனியச் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழும் என்று உரைத்ததற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அப்பொழுது அவருடைய உறவினராகிய அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தம் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். பகைவர் சூழ்ந்த தேசத்தில் நிலத்துக்கு மதிப்பேது? ஆயினும் எரேமியா கர்த்தருடைய வார்த்தையின்படி 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளின் முன் பத்திரத்தில் முத்திரையிட்டு, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்க பாருக்கிடம் கட்டளையிட்டார்.

இதில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, விசுவாசம் துன்பத்தை மறுக்கவில்லை. நகரம் வீழும் என்று சொன்னவரே நிலத்தையும் வாங்கினார். வாங்கிய பின்பு தம் திகைப்பை ஜெபத்தில் மறைக்கவுமில்லை. ஆகவே, கண்ணீரோடு கர்த்தரிடம் கேள்வி கேட்பது அவிசுவாசம் அன்று.

இரண்டாவது, நம்பிக்கை செயலாய் வெளிப்பட்டது. எரேமியா அந்நிலத்தில் குடியிருந்ததாக வேதம் கூறவில்லை. அடுத்த வருஷம் நகரம் வீழ்ந்தது. பின்பு அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆனாலும் கி.மு. 538-இல் கோரேஸ் ராஜா விடுதலை அளித்தபின் திரும்பினவர்களின் அட்டவணையில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று எஸ்றா 2-ஆம் அதிகாரம் எண்ணிச் சொல்கிறது. எரேமியா காணாததைக் கர்த்தர் நிறைவேற்றினார்.

பிரியமானவர்களே, இந்த மாதம் உங்கள் 17 சேக்கல் எது? பிள்ளையின் படிப்பை நிறுத்தாதிருப்பதா? நின்றுபோன குடும்ப ஜெபத்தை மறுபடியும் தொடங்குவதா? கடன் கொடுத்தவரிடம் ஒளியாமல் உண்மையைச் சொல்லித் தவணை கேட்பதா? அதைச் செய்யுங்கள். தனியாய்ச் சுமக்கவும் வேண்டாம். எரேமியாவுக்கும் ஒரு பாருக் தேவைப்பட்டார். குறைவில்லாதிருக்கிறவர்களே, அடுத்த வீட்டாருக்கு நீங்கள் பாருக்காய் இருங்கள்.

வாக்குத்தத்தம் செய்தவர் உண்மையுள்ளவர். அவர் தாமே உங்கள் குடும்பங்களைத் தாங்குவாராக. ஆமென்.