கோடம்பாக்கத்து முத்திரை எதற்கு?

யோகி பியை மேடையில் அறிமுகப்படுத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு வாய்பாடுதான் தெரியும்: 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்' படங்களில் பாடியவர். பெட்டாலிங் ஜெயாவில் கல்லூரி விழாவானாலும் சரி, கிள்ளானில் கலை இரவானாலும் சரி, இதையே ஒப்பிக்கிறார்கள். கூட்டமும் கைதட்டுது. எனக்கு எரிச்சல்தான் வருது.

வருஷங்களைக் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பு 1998இல் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என்று நான்கு மொழிகளும் ஒரே தொகுப்பில். யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' 2006. 'பொல்லாதவன்' வந்தது அதற்குப் பிறகு, 2007இல். அதாவது சென்னை அவரை உருவாக்கவில்லை. பழுத்த மரத்தைத் தேடி வௌவால் வந்தது, அவ்வளவுதான். நாமோ வௌவால் வந்த நாளைத்தான் மரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் டிரினிடாடை நினைத்துக்கொள்கிறேன். நம்மைப் போலவே ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கொண்டுபோய் இறக்கிய தீவு அது. முதல் கப்பல் போனது 1845இல். அந்தக் கூலிகளின் வாரிசுகள் நிறைந்த தென்பகுதியில் வளர்ந்த கறுப்பினப் பாடகர் லார்ட் ஷார்ட்டி, 1970களின் தொடக்கத்தில் கலிப்சோவோடு டோலக்கையும் இந்தியத் தாளத்தையும் கலந்தார். அதுதான் சோகா. பெயரின் கடைசி எழுத்தான 'கா', இந்திய அகரவரிசையின் முதல் மெய்யைக் குறிக்கிறது என்று அவரே விளக்கினார். கலிப்சோவைக் கெடுக்கிறான் என்று திட்டினார்கள். ஆனால் அந்தச் சண்டையும் தீவுக்குள்ளேதான் நடந்தது. இன்றும் கார்னிவலில் எந்தப் பாட்டு அணிவகுப்பில் அதிகமுறை ஒலிக்கிறதோ, அதற்குத்தான் 'ரோட் மார்ச்' பட்டம். தெரு தீர்ப்புச் சொல்கிறது. லண்டன் என்ன சொல்லும் என்று யாரும் காத்திருப்பதில்லை.

"யோகி பியின் 'மடை திறந்து' இளையராஜா மெட்டுத்தானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், 'நிழல்கள்' (1980) படத்துப் பாட்டின் மேல் கட்டியதுதான். ஷார்ட்டியும் பக்கத்து வீட்டுத் தாளத்தைத்தானே எடுத்தார்? எடுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. எடுத்ததை வைத்து என்ன செய்தோம் என்று நாமே சொல்லாமல், அந்தத் தீர்ப்பையும் சென்னையிடம் விட்டுவிடுவதுதான் அவமானம்.

அடுத்த புகார், மொழிக்கலப்பு. தோட்டத்து நாவலில் 'மண்டோர்', 'தவுக்கே' வந்தால் மண்வாசனை என்று மெச்சுகிறோம். அதே கலப்பு ராப்பில் வந்தால் மொழிக்கொலையாம்! நாக்கு ஒன்றுதானே ஐயா? மாமாக் கடையில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசிவிட்டு, பாட்டில் மட்டும் சங்கத்தமிழ் கேட்பது பொய் வேஷம்.

இதில் இலக்கிய வாசகர்களுக்கும் பங்குண்டு. பத்துப் பேர் படித்த கவிதைத் தொகுப்புக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். ஒரு தலைமுறையே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டு வரிகளை 'வெறும் கேளிக்கை' என்று ஒதுக்குகிறோம். நான் பாராட்டு விழா கேட்கவில்லை. மதிப்புரை கேட்கிறேன். எந்த வரி நிற்கிறது, எந்த இடத்தில் எதுகைக்காக அர்த்தம் பலியாகிறது, எங்கே அமெரிக்க ராப்பின் வீறாப்பு அப்படியே இரவல் வாங்கப்பட்டிருக்கிறது என்று ஈவிரக்கமில்லாமல் எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பாட்டைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிள்ளானில் முதல் பாட்டை எழுத உட்காரும் பதினேழு வயதுப் பொண்ணு, தன் வீட்டில் பேசுகிற தமிழை விட்டுவிட்டு, சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழைப் போலி செய்வாள். ஏனென்றால் கைதட்டு எதற்குக் கிடைக்கும் என்பதை நாம்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.