அன்று பாரீஸ், இன்று டெல்லி



"கூலி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சங்கத்துக்கு எதற்கு அரசியல்?" இந்தப் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. நம் ஆட்களிலேயே சிலர் தலையாட்டுகிறார்கள். அவர்களைக் கையோடு புதுவையின் சவானா மில் வாசலுக்குக் கூட்டிப்போங்கள். பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்முன் படம் எடுக்க வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு அந்த வாசலை யாரும் காட்டுவதில்லை.

1936 ஜூலை 30. வேலைநேரத்தைக் குறை, கூலியை உயர்த்து, சங்கம் வைக்க விடு என்று கேட்டு நின்ற பஞ்சாலைத் தொழிலாளர்மேல் பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் முதலாளியின் கேட்டைத் தட்டியதோடு நிற்கவில்லை. புதுவையை அப்போது ஆண்ட பாரீசில் அந்த ஆண்டு லியோன் புளூமின் மக்கள் முன்னணி ஆட்சி. வேலைநிறுத்த அலையில் அங்கே 40 மணி நேர வாரமே சட்டமாகியிருந்தது. புதுவைத் தொழிலாளியின் குரல் கடல் தாண்டி அங்கே போனது. 1937 ஏப்ரல் 6 ஆணையில் 8 மணி நேர வேலை வந்தது. மில் மேனேஜர் கொடுத்ததா அது? அரசாங்கத்தைக் கொடுக்க வைத்தது.

இன்றும் நம் விதி வெளியூரில்தான் எழுதப்படுகிறது. புதுவை போன்ற ஒன்றியப் பகுதிகளின் மின் விநியோகம் தனியாருக்கு என்று 2020 மே மாதம் டெல்லியில் அறிவித்தார்கள். அதை எதிர்த்து 2022-இல் மின்துறைத் தோழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஊரே இருட்டில் தவித்தது. திட்டினவர்களும் உண்டு, வீடுவீடாய்ப் போய் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும், அது நம் குறை.

அடுத்து, 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி 4 சட்டத் தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் எந்த நிறுவனத்திலும் வேலைநிறுத்தம் கூடாதாம். பாதிப்பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தமாம். 300 பேருக்குக் குறைந்த ஆலையை அரசின் அனுமதி இல்லாமலே மூடலாமாம். நம் ஊர் ஏ.எஃப்.டி. பஞ்சாலை மூடிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிற நமக்கா இது புரியாது?

பக்கத்தில் தமிழ்நாட்டைப் பாருங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று வாபஸ்!

எனவே ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதீர்கள். கேட் மீட்டிங்கில் நில்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நான்கு தொகுப்பைப் பற்றி முதலில் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் ஆட்டோ ஓட்டுகிற தம்பியையும் துப்புரவுப் பணி செய்கிற அக்காவையும் சேர்த்துக்கொண்டு, அந்த 12 பேரின் நினைவு நாளான ஜூலை 30 அன்று செங்கொடியோடு வாருங்கள்!