பழி வைரஸ் மீது

பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருக்கும்போது திரை பட்டென்று கறுக்கிறது. சில நொடிகளில் கம்ப்யூட்டர் தானாகவே உயிர்பெற்று, முதலிலிருந்து விண்டோஸைத் தொடங்குகிறது. அரை மணி கழித்து மறுபடி அதே கூத்து. யாரும் எந்தப் பட்டனையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக் வருகிறார். இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு: "வைரஸ் சார். ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்."

டெல்லி நேரு பிளேஸ் முதல் சென்னை ரிச்சி தெரு வரை இந்தத் தீர்ப்பு அவ்வளவாக மாறுவதில்லை. ஃபார்மட் செய்த கம்ப்யூட்டர் ஒரு வாரம் ஒழுங்காக ஓடவும் கூடும். பிறகு, பழைய குருடி கதவைத் திறடி. இதற்குள் பத்து வருடப் புகைப்படங்களும் வருமான வரிக் கணக்கும் காற்றோடு போயிருக்கும்.

வைரஸ் மீது சந்தேகம் விழுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2003 ஆகஸ்டில் உலகமெங்கும் பரவிய 'பிளாஸ்டர்' விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்தது. அடுத்த ஆண்டு வந்த 'சாஸர்' செய்ததும் அதுவே. ஆனால் இரண்டும் 60 நொடி அவகாசம் தருவதாகத் திரையில் ஒரு பெட்டியைக் காட்டி, எண்ணிக்கொண்டே கழுத்தை அறுத்தன. எந்த அறிவிப்பும் இல்லாமல் நொடியில் அணைவது வேறு ரகம். அதற்கு வைரஸ் காரணமாவது அபூர்வம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ரீஸ்டார்ட் ஆகும் முடிவை எடுத்தது விண்டோஸா, அதற்கே தெரியாமல் நடந்ததா என்பதுதான். விண்டோஸுக்குள் பெரிய கோளாறு நேர்ந்தால் நீலத் திரை வரும். விண்டோஸ் 11-ன் சமீபப் பதிப்புகளில் அதையே கறுப்பாக்கிவிட்டார்கள். அதில் கோளாறின் பெயரும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், திரையைப் படித்து முடிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகும்படி விண்டோஸை அமைத்தே விற்கிறார்கள். சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குப் போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' என்பதைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற இடத்தில் உள்ள டிக் குறியை எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை திரை நிற்கும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கோளாறுக்கு வைரஸ்தான் வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 19-ல் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கி, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அதற்குக் காரணம் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் அனுப்பிய பழுதான ஒரு ஃபைல். காவல்காரனே கதவை உடைத்த கதை.

டிக் குறியை எடுத்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? விண்டோஸ் பெரும்பாலும் நிரபராதி. 'ஈவன்ட் வியூவர்' என்ற பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்றொரு வரி இருக்கும். இதுதான் நோய் என்று நினைப்பவர்கள் ஏராளம். முறைப்படி ஷட்டௌன் ஆகவில்லை என்று மறுபடி விழித்த விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. காரணம் அதில் இருக்காது.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு, செலவில்லாதது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 போன்ற பட்டனைத் தட்டி பயாஸ் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடலாம். அங்கே விண்டோஸ் ஏறவே இல்லை. அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் ஃபார்மட் பேச்சுக்கு இடமே இல்லை. ஆகாவிட்டால் ஹார்டுவேர் நல்லது என்று அர்த்தமில்லை. அந்தத் திரையில் கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம் கிடையாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி ஒரு சினிமா பார்ப்பது இதைவிடக் கடுமையான பரீட்சை.

சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துத் தருகிறது. எல்லாம் ஒழுங்கு என்று மதர்போர்டுக்குச் சொல்ல சாம்பல் நிற வயர் ஒன்றும் இருக்கிறது. அந்த சிக்னல் ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும். 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே போகக்கூடாது. மலிவான கேபினட்டுடன் சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ்ஸிடம் இந்த ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கினால் 192 வாட்தான். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

பெட்டி நல்லதாக இருந்தும் வீடு கெடுக்கலாம். கரன்ட் போனதும் இன்வர்ட்டர் கைமாற்றிக் கொடுக்க சில மில்லி செகண்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ் முழு சுமையில் தம் பிடித்து நிற்பது ஏறக்குறைய 16 மில்லி செகண்ட். பல வீட்டு இன்வர்ட்டர்களில் 'யுபிஎஸ்', 'நார்மல்' அல்லது 'எக்கோ' என்று ஒரு சுவிட்ச் உண்டு. நார்மலில் கைமாற்றம் மெதுவாக நடக்கும். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் போதும் என்ற வீடுகளில்கூட ஃபார்மட் நடந்துகொண்டிருக்கிறது. தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் உள்ள 12 வோல்ட் பேட்டரியின் வயதைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் அது கிழவனாகிவிடும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்தால் வண்டவாளம் தெரியும்.

ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தை ஒரு தாளில் குறித்துவைப்பது மெக்கானிக்கின் பாதி வேலையை முடித்துவிடும். தண்ணீர் மோட்டார் போடும்போதா? ஃப்ரிட்ஜ் உறுமும்போதா? தெருவே விளக்குப் போடும் மாலையிலா? கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது என்றால் எர்த் இல்லை. அழைக்க வேண்டியது எலக்ட்ரீஷியனை.

தாளில் மே மாத மதியங்களும் பிள்ளைகள் கேம் ஆடும் நேரமுமே நிறைந்திருந்தால் வெப்பம். இப்போதைய பிராசஸர்கள் முதலில் வேகத்தைக் குறைத்து, அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துத் தகடைக் கழற்றி, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை ஊத வேண்டும். பல இன்டெல் ஃபேன்கள் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் நிற்கின்றன. ஒன்று கழன்றிருந்தாலும் போச்சு.

நேரமும் இல்லை, காரணமும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் என்றால் ராம். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது கைவைத்தியம் போலத் தோன்றும். பல நேரம் பலிக்கிறது. துகளைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். இரவு முழுக்க 'மெம்டெஸ்ட்86' ஓடி ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் உதவாது. முன்பக்க ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு எல்லோரையும் ஆட்டிவைப்பதும் உண்டு. மதர்போர்டில் அதன் இரண்டு பின் வயரைப் பிடுங்கிவிட்டால் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்னால், தேவையான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட வேண்டும். திடீர் திடீரென்று அணைவது ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவற்றையும் பாழாக்கும். மெக்கானிக் ஃபார்மட் என்று வாயெடுத்தால், நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே தலையசைக்கலாம்.

அபூர்வமாக பிராசஸரே பழுதாவதும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில நிலைகுலைவதை 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது. வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டது திரும்பாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றக் கொண்டுபோனால் பில் கேட்பார்கள். ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்ற கடைக்காரரிடம் வாங்கியவர்கள் கையில் அது இருக்காது.