'முன்விரோதம்' என்ற ஒரு வார்த்தை

பேப்பரில் கொலைச் செய்தி வந்தால் கடைசி வரியில் 'முன்விரோதம் காரணமாக' என்று இருக்கும். நாமும் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். எனக்கு அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. விரோதம் முன்பே இருந்தது என்றால், அது முன்பே யாருக்கோ தெரிந்தும் இருந்தது என்றுதானே அர்த்தம்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ல் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதில் 9,962 தகராறில் நடந்தவை, 3,761 முன்விரோதத்தில். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட பாதி. பணத்துக்காக நடக்கும் கொலைகள் இதைவிட ரொம்பக் குறைவு.

இதற்கு நம் கையில் இருப்பது நன்னடத்தைப் பிணை, ரவுடிப் பட்டியல், மிஞ்சினால் 1982-ம் வருடத்துக் குண்டர் சட்டம். ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே பையன் பெயர் எடுத்த பிறகு வருபவை. வெளியே வரும்போது அதே தெரு, அதே எதிரி, கூடவே சிறையில் பிடித்த நாலு சிநேகிதம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவன் நான். எட்டாவது, ஒன்பதாவதில் நின்றுவிடும் பையன் எங்கே போவான் என்று செவ்வாய்ப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிப் பட்டறைக்குப் போவான், இல்லாவிட்டால் லீ பஜாரில் மூட்டை தூக்குவான். கையில் காசு இருக்கும், ஏன்டா என்று கேட்க ஆள் இருக்காது. சண்டைக்குப் பெரிய காரணமும் வேண்டாம். பைக் உரசியது, வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு வரி, ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கையில் தோளில் இடித்தது. அன்றைக்கு ராத்திரியே இரண்டு தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிடும், ஸ்டேஷனுக்கு மட்டும் தெரியாது. அந்த இரண்டு மூன்று நாளில் நடுவில் புகுந்து பேச ஒரு ஆள் வேண்டும்.

சிகாகோவில் 2000-ல் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் இதைத்தான் ஆரம்பித்தார். சோமாலியாவில் காலராவோடும் காசநோயோடும் மல்லுக்கட்டியவர். வன்முறையும் தொற்றுநோய் போலப் பரவுகிறது என்பது அவர் கணக்கு. அந்தந்தப் பகுதி ஆட்களையே, சிறைக்குப் போய் வந்தவர்களையும் சேர்த்து, சமாதானம் பேச அனுப்பினார். ஒரு நிபந்தனை: கேட்டதைப் போலீசுக்குக் கொண்டுபோகக் கூடாது. பலன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊரில் பாதை வேறு மாதிரி போனது. 1993-ல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் என்ற காவல் அதிகாரி 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். நோக்கம் நல்லதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது, தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது, ஜூலையில் அரசு தடை போட்டது. லத்தி பிடித்தவனோடு சுற்றுகிற பையனிடம் தெருக்காரன் எப்படி மனசு விட்டுப் பேசுவான்?

உடனே 'சார், இது கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடாதா' என்று கேட்பீர்கள். ஆகும், கவனிக்காவிட்டால். அதனால் பணம், நிலம், காதல், கல்யாணம் எதிலும் இவர்கள் தலையிடக் கூடாது. அடிதடி நடந்துவிட்டால் அது போலீஸ் வேலை. ஒரே சாதிப் பெரியவர்களாக இருக்கவே கூடாது. என்னைக் கேட்டால் மகளிர் குழு அக்காக்களைத்தான் முதலில் சேர்ப்பேன். எந்த வீட்டுப் பையன் ராத்திரி தூங்கவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, மைதானம். சென்னை வியாசர்பாடியில் 1997 முதல் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். ரவுடி ஏரியா என்று ஒதுக்கப்பட்ட இடத்துப் பிள்ளைகள் அவர்கள். இங்கே நம் பள்ளி மைதானங்கள் சாயங்காலம் பூட்டியே கிடக்கின்றன. மாநகராட்சி தினமும் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டு, ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்துப் போட வாருங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் யார் சொன்னால் பையன்கள் கேட்பார்கள் என்று யோசியுங்கள். பெயரைக் கமெண்டில் போடாதீர்கள், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஆடி வருவதற்குள் அவர்களை ஒரு தடவை உட்காரவைத்துப் பேச வேண்டும்.