பழைய செல்போன்களின் கதி

கண்ணாடி கீறிய செல்போன் ஒன்றாவது அலமாரியில் உறங்காத வீடு இன்று கோயமுத்தூரில் அரிது. அதை எறிய மனம் வருவதில்லை. பழுது பார்க்கக் கை வருவதில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால் “பார்க்கலாம்” என்பார். அந்த ஒரு சொல்லிலே வருஷங்கள் கழிகின்றன. ஒரு குடும்பத்தின் சோம்பலைப் பற்றிய அற்ப விஷயம் இது என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கிற்று என்றும், அதில் 22.3 சதவிகிதமே முறையாகச் சேகரித்துப் பிரிக்கப்பட்டதற்குக் கணக்கு உண்டு என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புக்கள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எஞ்சியவை எங்கே போயின? பாதி அலமாரிக்கும் பாதி குப்பை மேட்டுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அலமாரியில் இருப்பதும் ஒருநாள் குப்பை மேட்டுக்குத்தானே போகவேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் செல்போன் செத்துவிட்டது என்பது பொருளன்று. மேலே இருப்பது வெறும் கண்ணாடி. அதனடியில் விரலின் தொடுகையை உணரும் படலமும், எழுத்தும் படமும் தோன்றும் டிஸ்ப்ளேயும் உள்ளன. இவற்றைத் தெளிந்த பசையினால் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். படமும் தொடுகையும் சரியாயிருந்து மேற்கண்ணாடி மட்டும் கீறியிருந்தால், அதைச் சூடேற்றி, மெல்லிய கம்பியால் பசையை அறுத்துப் பிரித்து, புதுக் கண்ணாடியை ஒட்டி, இடையிலுள்ள காற்றுக் குமிழிகளை அழுத்தத்தால் நீக்கிவிடலாம். இவ்வேலை தெரிந்தவர் இல்லாத கடைகளில் முழுத் தொகுதியையே, அவர்கள் பாஷையில் ‘காம்போ’வையே, மாற்றிவிடுகிறார்கள். செலவு பன்மடங்காகிறது. அந்தத் தொகையைக் கேட்ட மாத்திரத்தில் “இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாமே” என்று வாடிக்கைக்காரர் திரும்பிவிடுகிறார். பழைய போன் மீண்டும் அலமாரிக்குச் செல்கிறது.

பழுது பார்க்கும் வித்தை கொங்குநாட்டுக்குப் புதியதன்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் இங்கு ஆலைகள் பெருகின. கிணறுகளில் பம்புசெட்டுக்கள் ஓடத் தொடங்கின. மோட்டார் எரிந்துபோனால் குடியானவர் புதிது வாங்க ஓடவில்லை. காயில் கட்டித் திரும்ப ஓட்டினார். இன்றும் அப்படியே செய்கிறார். கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார் என்பது இவ்வூர்ச் சிறுவர்களும் அறிந்த செய்தி. மோட்டார் சைக்கிளைப் பிரித்த அதே மனிதர், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டாரையே இங்கு செய்து காட்டினார். அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவருக்கு அன்றிருந்த சௌகரியம் இன்று காந்திபுரத்துப் பழுதுக்காரருக்கு இருக்கிறதா என்று கேட்க விரும்புகிறோம். பூட்டி முடித்ததும் ‘அறியாத பாகம்’ என்று அந்த ரட்ஜ் வண்டி முறையிடவில்லையே!

இன்றைய செல்போன்கள் சில அப்படித்தான் முறையிடுகின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைத் தாய்ப் பலகையுடன் பிணைத்து விடுகிறார்கள். அதே கம்பெனியின் வேறொரு போனிலிருந்து எடுத்த அசல் டிஸ்ப்ளேயைப் பொருத்தினாலும் எச்சரிக்கை தோன்றும்; சில வசதிகள் நின்றுபோகும். திருட்டுப் பாகங்களைத் தடுக்கவும், வாங்குவோரின் ரகசியங்களைக் காக்கவுமே இந்த ஏற்பாடு என்று கம்பெனிகள் கூறுகின்றன. இதில் ஓரளவு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பூட்டைச் செய்தவரிடமே சாவியும் இருக்குமானால், பொருளுக்கு விலை கொடுத்தவர் உடைமைக்காரரா, குடக்கூலிக்காரரா என்ற சந்தேகம் எழுவது இயற்கை. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டத்தில் இந்தப் பிணைப்புக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு செல்போனின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷங்களுக்கு அதன் முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது விதி.

நம் தேசத்திலோ, நுகர்வோர் விவகார இலாகா 2022 ஜூலையில் ஒரு கமிட்டி அமைத்தது; அவ்வருஷ டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென இணையதளமும் திறந்தது. ஒவ்வொரு செல்போனும் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத்தக்கது என்பதை விற்குமிடத்திலேயே அறிவிக்க வேண்டும் என்ற யோசனையுடன் மற்றொரு கமிட்டி 2025 மே மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்தது. கமிட்டிகளின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும் இணையதளம் வேறு, அறிக்கை வேறு, மீறினால் தண்டிக்கும் சட்டம் வேறு. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செல்போன்கள் செய்யப்படுகின்றன. உலகுக்கே செய்தனுப்பும் மாநிலத்தில், அதைத் திறந்து சரிசெய்ய ஒரு திருகாணிக்கும் ஒரு வரைபடத்துக்கும் பழுதுக்காரர் அலைவது தகுமா?

பழுது பார்க்கவே முடியாத நிலையை அடைந்த போன் என்ன ஆகும்? பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரர் நம் தெருக்களில் வந்துபோன காலம் உண்டு. பழம் கிடைக்கும் என்பதனால் ஒரு துருப்பிடித்த ஆணியும் வீதியில் கிடந்ததில்லை. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் விழும் வெட்டுத் துண்டுகள் இன்றும் அவ்வாறே வீணாவதில்லை, ஓ.ஈ. மில்களில் பஞ்சாகி, மறுபடி நூலாகின்றன. உபதேசத்தினால் நடக்கும் காரியமன்று இது. கைமாறும் ஒவ்வோரிடத்திலும் ஒருவருக்கு நாலு காசு மிஞ்சுவதனால் நடக்கிறது.

செல்போனுக்கோ, விலை கிடைக்கும் இடம் வேறாகவும் வீட்டுவாசல் வேறாகவும் இருக்கிறது. 2022 நவம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்கும் கம்பெனிகள் தங்கள் பங்குக் கழிவு பிரித்தெடுக்கப்பட்டதற்கான சர்டிபிகேட்டுகளைப் பதிவுபெற்ற ஆலைகளிடமிருந்து வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். 2023-24-க்கு 60 சதவிகிதம் என்று தொடங்கி, 2027-28 முதல் 80 சதவிகிதம் என்று அளவு ஏறுகிறது. இதற்குக் குறைந்தபட்ச விலையாகச் செல்போன்களுக்குக் கிலோவுக்கு 34 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. மற்ற வீட்டு மின்சாமான்களுக்கு விதித்த 22 ரூபாயே அதிகமென்று சில பெரிய கம்பெனிகள் 2025-இல் டெல்லி ஹைகோர்ட்டுக்குச் சென்றன. கிலோவுக்கு ஐந்து செல்போன்கள் என்று கொண்டால், ஒன்றுக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை! அந்த ஏழு ரூபாயும் ஆலைக்கே உரியது. அலமாரியைத் திறக்கவேண்டிய குடும்பத்துக்கு அதில் தம்படி இல்லை.

இந்த இடைவெளியில்தான் ஆபத்து புகுகிறது. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் ராமகங்கைக் கரையோரம், மின்பலகைகளை எரித்தும் அமிலத்தில் கழுவியும் செம்பும் தங்கமும் எடுத்தார்கள். புகை ஏழைகளின் நெஞ்சுக்கும், சாம்பல் நதிக்கும் போயிற்று. கொங்குநாட்டாருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானதையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட நேர்ந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். லாபம் அடைந்தவர் ஒருவர். நொய்யல் தண்ணீரை நம்பிப் பயிரிட்டு நிலம் கெட்டவர் வேறொருவர்.

பேட்டரியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கண்ணாடி உடைய விழுந்த வேகத்தில் லிதியம் பேட்டரியும் நசுங்கியிருக்கலாம். பின்பக்கம் உப்பியிருந்தால் அந்தப் போனைச் சார்ஜில் போடக்கூடாது. ஊசியால் குத்தவும் அழுத்தவும் கூடாது. குப்பைக்கூடையில் போடவே கூடாது. வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் நாட்கணக்கில் எரிந்தது. அதன் காரணம் எதுவாயினும், எரியத் தயாராயிருக்கும் குப்பையிலே பேட்டரிகளையும் சேர்ப்பது விவேகமாகாது.

நேயர்கள் செய்யக்கூடியது இது. கீறல் கையைக் கிழிக்காதபடி தெளிந்த டேப்பை ஒட்டிவிட்டு, படங்களையும் கணக்குகளையும் வேறிடத்தில் பதிவுசெய்து கொண்டு, இரண்டு கடைகளிலாவது ‘கண்ணாடி மட்டும் மாற்ற முடியுமா’ என்று கேட்க வேண்டும். விற்பதாயினும் கொடுப்பதாயினும் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதையும் அழித்து, சிம்மைக் கழற்றிவிட வேண்டும். பழையதை வாங்குவோர், சஞ்சார் சாதி தளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சோதித்தால் திருட்டுப் போனுக்குப் பணம் கொடுத்து ஏமாற மாட்டார்கள்.

மாநகராட்சிக்கும் கொடீசியா போன்ற தொழிலதிபர் சங்கங்களுக்கும் நாம் சொல்வது வேறு. வார்டுதோறும் மாதத்தில் ஒருநாள் எடைபோட்டு, கையில் ரொக்கம் கொடுத்து, ரசீதும் தந்து பழைய செல்போன்களை வாங்க ஏற்பாடு செய்யட்டும். அந்தப் பணத்தைச் சர்டிபிகேட் வாங்கும் கம்பெனிகளிடமிருந்து பெறட்டும். வாங்கியவற்றில் சரிசெய்யத்தக்கவற்றைப் பிரித்து, ஐ.டி.ஐ. மாணவர்களின் மேஜைக்கு அனுப்பட்டும். காயலான் கடைக்காரரை விரட்டாமல், அவரையும் பதிவுசெய்து இந்த வேலையில் சேர்க்கட்டும். அடுத்த மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு தொகை ஒதுக்கப்படுகிறதா என்பதைக் கவனிப்போம்.