நண்பர்க்கு எந்த எழுத்தில் எழுதுகின்றோம்?

சென்னையில் அடையாற்றின் வடபால் அமைந்த குடியிருப்புப் பகுதி ஒன்றுக்கு அரசர் அண்ணாமலைபுரம் என்று பெயர். செட்டிநாட்டரசர் அண்ணாமலையாரின் நினைவைத் தாங்கிய பெயர் அது. தமிழ்நாட்டு இசையரங்குகளிலேயே தமிழ்ப்பாட்டு ஒதுக்கப்பட்டுக் கிடந்த இழிநிலையை மாற்றுவதற்கென்று 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவியவர் அவர். அவர் பெயர் பூண்ட பகுதியை இன்று அங்கு வாழ்வோர் எவ்வாறு அழைக்கின்றனர்? 'ஆர்.ஏ.புரம்' என்கின்றனர்! தமிழிசைக்குக் காவலாய் நின்ற ஒருவர், இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குள் மறைந்து போனார்.

அதே பகுதியில், அடையாற்றுக் கழிமுகத்தையொட்டி, 58 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா உள்ளது. 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறக்கப்பெற்ற அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டனர். அதன் வாயிலுக்கு எதிரே ஒருநாட் காலையில் நண்பர் அறுவர் நின்று அளவளாவிக் கொண்டிருந்ததைக் கண்டேன். வாயாற் பேசியது பாதி. கையிலிருந்த திறன்பேசியில் எழுதிக் காட்டியது மீதி. அவர்கள் பேசியதும் தமிழ், எழுதியதும் தமிழ். ஆனால் எழுதிய எழுத்து தமிழ் அன்று. உரோம எழுத்து! எழுத்துக்கு இலக்கணம் வகுத்த ஆசானின் பெயர் தாங்கிய வாயிலின் முன்னே, தமிழ்ச்சொற்கள் அயலெழுத்தைப் போர்த்திக்கொண்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போயின.

இதில் என்ன கேடு வந்துவிட்டது என்று கேட்பார் உளர். அவர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன்.

அப்பகுதியில் வாழும் என் நண்பர் ஒருவர் முழங்காலுக்கு மருத்துவம் செய்துகொண்டு வீட்டில் ஓய்ந்திருந்தார். அவருடைய பழைய தோழர் ஒருவர் நலம் உசாவிப் புலனத்தில் ஒரு வரி எழுதினார். 'வலி இருக்கிறதா?' என்பது அவர் கேட்க எண்ணியது. எழுதியதோ உரோம எழுத்தில். நம் நண்பர் அதனை 'வழி இருக்கிறதா?' என்று படித்தார். மெட்ரோ தொடர்வண்டிப் பணிக்காகத் தெருவை அடைத்திருக்கின்றார்களென்றும், மந்தைவெளிப் பக்கமாகச் சுற்றி வருமாறும் மறுமொழி விடுத்தார்! இருவரும் பிறகு தொலைப்பேசியிற் பேசிச் சிரித்துக் கொண்டனர். ஆனால் என்னிடம் இதனைச் சொன்னபோது நண்பர் சிரிக்கவில்லை. "நாற்பது ஆண்டுகளாக அவன் எனக்கு மடல் எழுதியிருக்கின்றான். அவன் எழுதியது எனக்கு விளங்காமற் போனது இதுதான் முதன்முறை" என்றார்.

வலி, வளி, வழி, வாலி, வாளி எனத் தமிழில் ஐந்து சொற்களாக நிற்பவை, உரோம எழுத்தில் பெரும்பாலும் ஒரே வடிவாய்க் குழம்புகின்றன. ல, ள, ழ மூன்றுக்கும் ஓர் எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஓர் எழுத்து. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடில்லை. நம் முன்னோர் நுண்ணிதின் ஆய்ந்து பிரித்து வைத்த ஒலிகளையெல்லாம் நாமே மீண்டும் ஒன்றாய்க் கொட்டிக் கலக்குகின்றோம்.

இங்கு ஓர் உண்மையைத் தெளிவாக உணர வேண்டும். நண்பரொடு பேசும் பேச்சு, முன்னெல்லாம் எழுத்தாவதில்லை. திண்ணையிலும், தேநீர்க் கடையிலும், கடற்கரை மணலிலும் பேசினோம். அது காற்றொடு போயிற்று. எழுதியது மடல் ஒன்றே. அம்மடலைத் தமிழெழுத்திலேயே எழுதினோம். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் அஞ்சலட்டையைக் கல்லாத தாய்க்கும் ஒருவர் படித்துக் காட்டினார். இக்காலத்திலோ, வரலாற்றில் முதன்முறையாக, மாந்தர் தம் அன்றாட அரட்டையை எழுத்தால் நடத்துகின்றனர். 'சாப்பிட்டாயா?' என்பதும் எழுத்து; 'எங்கே இருக்கிறாய்?' என்பதும் எழுத்து. ஒரு தமிழ் இளைஞன் தன் வாழ்நாளில் எழுதும் எழுத்துகளுட் பெரும்பகுதி இனிப் பள்ளியிலும் அலுவலகத்திலும் எழுதுவதன்று, நண்பர்க்கு எழுதுவதே. அப்பெரும்பகுதி அயலெழுத்திற் போகுமாயின், தமிழெழுத்துக்கு எஞ்சுவது என்ன? கடைப்பெயர்ப் பலகையும் கல்வெட்டும் தாமா?

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? இளைஞரைப் பழிப்பதற்கு முன் இதன் கரணியத்தை ஆராய்தல் முறை. தொடக்கத்திற் கைப்பேசிகள் தமிழெழுத்தை அறியாதனவாகவே வந்தன. பின்னர் அறிந்தபோதும் தமிழுக்கு மிகுவிலை கேட்டன. ஒரு குறுஞ்செய்தியில் உரோம எழுத்தானால் 160 இடங்கள். தமிழானால் 70 இடங்களே. அதுவுமன்றி, ஒருங்குகுறியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடமாகக் கணக்கிடப்படும். 'தொல்காப்பியம்' என்னும் சொல் நமக்கு ஏழெழுத்து. பொறிக்கோ 13 இடம். அதே சொல்லை உரோம எழுத்தில் 12 இடத்தில் எழுதலாம். ஆகவே ஒரு செய்தியின் விலைக்கு உரோம எழுத்தில் 13 முறை எழுதக்கூடிய தொல்காப்பியத்தைத் தமிழெழுத்தில் 5 முறைதான் எழுத இயலும்! கையிற் காசில்லாத மாணவன் எதனைத் தேர்வான்? தமிழ்ப்பற்றின்மை அன்று, கணக்கு அவனை அவ்வழிச் செலுத்தியது.

ஆனால் அந்தத் தடை இன்று எங்கே? 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் 'தமிழ் 99' விசைப்பலகையை அரசு ஏற்றது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005-ஆம் ஆண்டே கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. 2013-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை உள்ளிணைத்தே தந்தது. இன்று ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளிலும் தமிழ் உண்டு. புலனத்தில் 160, 70 என்னும் கணக்கும் இல்லை. 'தமிழ் 99' முறையில் 'அம்மா' என்றெழுத நான்கு தட்டே போதும். மெய் இரட்டிக்கும் இடத்தில் புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்ளும். விலை போயிற்று; தடை போயிற்று; பழக்கம் மட்டும் போகவில்லை. விலங்கு கழன்ற பின்னும் விலங்கிட்டவன் போலவே நடக்கின்றோம்!

'மொழி என்பது ஒலிதானே? எழுத்து வெறும் சட்டை. எந்தச் சட்டையைப் போட்டால் என்ன?' என்று சிலர் அறிவுரை பகர்கின்றனர். தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதலாம் என்று 2013-ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஒருவர் நாளிதழிலேயே எழுதினார். எழுத்து கழற்றி மாட்டும் சட்டையன்று, அது தோல். துருக்கியர் 1928-ஆம் ஆண்டு அரபு எழுத்தை விட்டு இலத்தீன எழுத்தை ஏற்றனர். அவர்க்கு அதனால் வந்த நன்மைகளை அவர்கள் சொல்லட்டும். ஆனால் தனியே பயிலாத துருக்கியர் ஒருவர் இன்று தம் பாட்டனுக்குப் பாட்டன் எழுதிய மடலையோ, அவன் கல்லறை எழுத்தையோ படித்தல் இயலாது. அவர்களாவது ஆய்ந்து, சட்டம் இயற்றி, பள்ளி வைத்துக் கற்பித்து மாறினர். நாமோ சட்டமும் இன்றி, எண்ணமும் இன்றி, கட்டைவிரலால் மாறிக்கொண்டிருக்கின்றோம்.

தொல்காப்பியர் தம் நூலை எழுத்து, சொல், பொருள் என மூன்றாக வகுத்து, எழுத்தை முதலில் வைத்தார். வடசொல் தமிழுக்குள் வருமாயின் தன் வடவெழுத்தைக் களைந்துவிட்டுத் தமிழெழுத்தை உடுத்தே வருதல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அயற்சொல்லையே தமிழெழுத்து உடுக்கச் செய்தார் அவர். தமிழ்ச்சொல்லையே அயலெழுத்து உடுக்கச் செய்கின்றோம் நாம். கீழடியிற் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழெழுத்திற் கீறப்பட்டுள்ளன. உண்கலத்தில் தம் பெயரைத் தம் எழுத்திற் கீறினர் அம்மக்கள். ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவற்றைப் படிக்கின்றோம்.

எழுத வருந்துவோர் பலர் இன்று தம் குரலையே பதிந்து அனுப்புகின்றனர். இதனை நான் குறை கூறேன். குரலில் வருவது பெரும்பாலும் தமிழே. தாயின் குரலைக் கடல்கடந்த மகன் கேட்கின்றான். எழுதப் படிக்க வாய்ப்பில்லாதார்க்கு அஃதொரு நல்ல ஏந்து. ஆனால் எழுத்தறிந்தவன் எழுத்துக்குப் பகரமாய்க் குரலையே கொள்வானாயின், அவன் எழுத்தைப் பேணியவன் ஆகான்; எழுத்திலிருந்து தப்பியவனே ஆவான்.

இனி, நம்மவர்க்கே ஒன்று சொல்ல வேண்டும். கசப்பாயினும் கேட்க. தமிழெழுத்தில் எழுத முனைந்த நண்பன் ஒருவன், 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிவிட்டால் நாம் என் செய்கின்றோம்? குழுவிலுள்ள ஐம்பதின்மர் காண அவனை நகையாடுகின்றோம். அவன் 'சந்தோஷம்' என்றெழுதினால், 'மகிழ்ச்சி என்றெழுதத் தெரியாதா?' என்று பாய்கின்றோம். மறுநாள் அவன் உரோம எழுத்துக்கே திரும்பிவிடுகின்றான். அங்கே பிழை திருத்துவார் எவரும் இலர் அல்லரோ! நானும் இக்குற்றம் செய்தவனே. நட்பின் இடத்தில் ஆசிரியனாய் நின்று, வந்த ஒருவனையும் வெளியே தள்ளியிருக்கின்றேன். தூய தமிழ் நமக்கு உயிர், அதில் ஐயமில்லை. ஆனால் எழுத்து நுழைந்த இடத்திற்றான் சொற்றூய்மை பின்னே நுழையும். முதலில் அவன் தமிழில் எழுதட்டும். பிறகு நல்ல தமிழில் எழுதுவான். நாம் எழுதும் சொல்லைப் பார்த்தே அவன் கற்பான்.

முழங்கால் வலியால் ஓய்ந்திருந்தாரென்று சொன்னேனே, அந்நண்பர் தம் பழைய மடல்களை ஒரு தகரப் பெட்டியிற் பேணி வைத்துள்ளார். 1978-ஆம் ஆண்டு எழுத்து மாற்றத்துக்கு முந்திய மடல்களும் அதில் உண்டு. 'லை'யும் 'னை'யும் பழைய கொம்போடு நிற்கின்றன. அவர் பேர்த்தி அவற்றை எடுத்துப் பார்த்தாள். நன்றாய்த் தமிழ் பேசும் பெண். "தாத்தா, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. நீங்களே படித்துக் குரலாய் அனுப்பிவிடுங்கள்" என்றாள். அவர் அப்படியே பதினொரு மடல்களைப் படித்தனுப்பினார். பிறகு தமக்குள் ஒன்று முடிவு செய்தார். நாள்தோறும் காலையில் அவளுக்குத் தமிழெழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். அறிவுரை இல்லை, பூத்த பூ, பெய்த மழை, பாட்டி செய்த இட்டளி, அவ்வளவே. அவள் உரோம எழுத்திலேயே மறுமொழி எழுதி வந்தாள். நான்கு திங்களுக்குப் பிறகு ஒருநாள் தமிழெழுத்தில் ஒரு வரி வந்தது: 'தாத்தா, கால் வழி குறைந்ததா?' 'வலி' என்பதற்கு 'வழி' என்று எழுதியிருந்தாள். என்னிடம் அதனைக் காட்டினார். "திருத்தினீர்களா?" என்று கேட்டேன். "இல்லை. குறைந்தது அம்மா, வலி நன்றாகக் குறைந்தது என்று எழுதினேன். மறுநாள் அவளே சரியாய் எழுதினாள்" என்றார்.

தனித்தமிழ் இயக்கமே 1916-ஆம் ஆண்டு ஒரு வீட்டுப் பேச்சிற் பிறந்தது. வேதாசலமாயிருந்த மறைமலையடிகள் தம் மகள் நீலாம்பிகையாரிடம், வள்ளலார் பாட்டொன்றில் 'தேகம்' என்று வருமிடத்தில் 'யாக்கை' என்றிருந்தால் எத்துணை இனிமை என்று சொன்னதே அதற்கு வித்து. மேடையன்று, மன்றமன்று. அன்புடையார் இருவர் தம்முட் பேசிக்கொண்ட பேச்சு.

சட்டத்தால் கடைப்பெயரை மாற்றலாம். ஆணையால் கோப்பை மாற்றலாம். நண்பன் நண்பனுக்கு எழுதும் வரிக்குள் எந்தச் சட்டமும் நுழையாது. அங்கே நுழையத்தக்கவர் நாமே. ஆகவே, தமிழன்பர்காள்! இன்றே உங்கள் திறன்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொள்க. அகவை முதிர்ந்த ஒருவர்க்கும் இளைய ஒருவர்க்கும் அதனை அமைத்துக் கொடுக்க. உரோம எழுத்தில் வரும் செய்திக்குச் சினவாது தமிழெழுத்தில் விடை எழுதுக. பிழையொடு வரும் தமிழை நகையாதீர், வரவேற்க. இன்றிரவு ஒரு நண்பர்க்கு நலம் உசாவி ஒரு வரி எழுதுக. அவ்வரி தமிழெழுத்தில் இருக்கட்டும்.