லேடாங் மலைக்குப் போகிறீர்களா?

ஜாசின், அசகான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு குனோங் லேடாங் 'நம்ம மலை'. உச்சி என்னவோ எல்லைக்கு அந்தப் பக்கம், ஜோகூர் தேசியப் பூங்காவில்! உயரம் 1,276 மீட்டர். கினபாலுவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று இளைஞர்கள் தண்ணீர்ப் போத்தல் ஒன்றோடு கிளம்பிவிடுகிறார்கள். 1854இல் மலாக்காவிலிருந்து வந்து ஏறிய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு, மேலே பாறைவெளியில் தண்ணீரே கிடைக்கவில்லை. கடைசியில் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைத்தான் குடித்தார். உள்ளே பூச்சிகள், ஆனாலும் குடிக்க நன்றாகவே இருந்ததாம். நமக்கு அது வேண்டாம். பூங்காவில் பதிந்துகொண்டு, வழிகாட்டியோடு, விடியும்போதே ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமையல்ல. தாத்தா பாட்டிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அடிவாரத்து அருவியே போதும். மழை பெய்தால் மட்டும் உடனே கரையேறிவிடச் சொல்லுங்கள்.